கரைநடையான் தும்மிய காலை

ரொட்டிக்கடைக்காரர் மாதிரி ஒரு பயந்தாங்கொள்ளியைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுத் தேடினாலும் கிடைக்காது. கடலோரத்தில் பிறந்தும் முழங்காலுக்கு மேல் உப்புத்தண்ணீர் பட்டதில்லை. கரண்டு போனால் துணைக்கு அடுப்போடு பேசுவார். ஆள் மட்டும் கொடிக்கம்பம் உயரம். பரண் மேல் பாத்திரம் எடுக்கத்தான் அந்த உயரம் என்பாள் பெண்டாட்டி.

அந்தக் கரையில் ஒரு பேய் உண்டு. பெயர் கரைநடையான். நெட்டையாக, வெளுத்துப்போய், புயலுக்கு முன்னால் தண்ணீரோரம் நடக்கும். அதைப் பார்த்த பிறகும் படகை இறக்கியவன் திரும்பியதில்லை என்று ஊரில் பேச்சு.

மச்சினன் படகுக்காரன். பெண்டாட்டிக்கு ஒரே தம்பி, வாய்க்கொழுப்பு கொஞ்சம் தூக்கல். ஒரு ராத்திரி அவன் அக்கா வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது ரேடியோவில் புயல் என்றார்கள்.

“ரேடியோக்காரன் கடல்ல கால் நனைச்சிருக்கானா? விடிஞ்சதும் நான் போறேன்.”

“டேய், சொன்னா கேளுடா,” என்றார் ரொட்டிக்காரர்.

“மாமா, நீங்க வாளித் தண்ணியப் பாத்தே நடுங்குற ஆளு. சும்மா இருங்க.”

“யார் சொன்னாத்தான்டா கேப்ப?” என்றாள் அக்கா.

“கரைநடையான் வரட்டும், கேக்குறேன்.”

அவன் போனதும் அவள் தட்டைக் கழுவாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். “எனக்குன்னு இருக்கறது அவன் ஒருத்தன்தாங்க.”

விடியும் நேரம் மாவு பிசைந்துகொண்டிருந்தவர் நிமிர்ந்தார். கடைக் கண்ணாடிக் கதவில் தலை முதல் கால் வரை வெளுத்த பேய் ஒன்று நின்றது. அலறிவிட்டார். பேயும் அலறியது. அப்புறம்தான் யோசனை வந்தது. இன்னும் இரண்டு கை மாவை அள்ளித் தலையில் கொட்டிக்கொண்டு கரைக்கு நடந்தார்.

நிஜக் கரைநடையானும் வந்து சேர்ந்தால் யார் முதலில் வணக்கம் சொல்வது என்று வழியெல்லாம் கவலை.

படகைத் தள்ளிக்கொண்டிருந்த கூட்டாளிகள் கல்லாய் நின்றார்கள். மச்சினன் மட்டும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு இரண்டடி முன்னால் வந்தான். போச்சு, குட்டு உடைந்தது என்று நினைத்த நேரத்தில் மூக்கில் மாவு ஏறியது. தும்மினார். சாதாரணத் தும்மலா அது! மாவு புகையாய்க் கிளம்பி ஆளையே மறைத்தது. அந்த மறைவில் ஒரே ஓட்டம், வலைக் கொட்டகைக்குப் பின்னால்.

மத்தியானம் புயல் அடித்தது. கடைத் தகரம் பறந்தது. படகுகள் எல்லாம் மேட்டில் பத்திரமாக இருந்தன.

மாலையில் மச்சினன் அக்கா வீட்டில் கால் நீட்டி உட்கார்ந்தான். “கெளம்புற நேரத்துல மனுஷன் தும்மினாலே ஆகாது, பேயே தும்மிட்டுப் புகையாப் போயிருச்சு! ஆனா அதுக்கு என்ன தைரியம்! அவ்ளோ பெரிய அலை பக்கத்துல அடிச்சும் அசையலையே. நீங்களும் இருக்கீங்களே மாமா!”

ரொட்டிக்காரருக்குப் பொறுக்கவில்லை. வாயைத் திறந்தார். பெண்டாட்டி அதில் ஒரு ரொட்டித் துண்டைத் திணித்தாள். அவர் காதுமடலில் ஒட்டியிருந்த மாவை விரலால் துடைத்துவிட்டு, அந்தக் காதிலேயே சொன்னாள்:

“மூச்சு விடாதீங்க. அடுத்த புயலுக்கு வேணும்.”