லில்லிபாயின் மூன்றாவது கை

பிசியோதெரபிக்காரியின் வேலை பாதி கையால், பாதி வாயால், இன்னொரு பாதி காத்திருப்பதால் ஆனது. வீட்டில் படுக்கையோடு ஒருவரை வைத்துக்கொண்டு, தூக்கி உட்காரவைத்தே முதுகு பிடித்துப்போன உங்களுக்கு அந்த மூன்று பாதிக் கணக்கு விளங்கும். நாமெல்லாம் ஒரே சங்கம்.

வீடு வீடாகப் போய்ப் பயிற்சி கொடுத்த என் கடைசி வருடங்களில் ஆரியங்கோட்டு ஞானதாஸ் வந்து சேர்ந்தார். ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர். மூளையின் வலப்பக்கம் ரத்தக்குழாய் அடைத்து, இடக்கையும் இடக்காலும் தளர்ந்திருந்தன. பேச்சுக்கு ஒரு குறையும் இல்லை. முதல் நாளே நிபந்தனை போட்டார், யார் துணையும் இல்லாமல் கேரள எல்லைக் கடைத்தெருவுக்குப் போக வேண்டுமாம்: "பனச்சமூட்டுக்கு ஒத்தைக்குப் போய் முடி வெட்டணும். அது போரும் டாக்டரம்மா." நான் டாக்டர் இல்லை என்று மறுத்து மறுத்து அலுத்திருந்த காலம் அது.

மீன் இல்லாத தட்டு

அவர் மனைவி லில்லிபாய் மரச்சீனிக் கிழங்கும் மீனும் கொண்டுவந்து வைத்தாள். தட்டின் வலப்பாதி துடைத்தெடுத்தாற்போல் தீர்ந்தது. இடப்பாதியில் மீன் அப்படியே கிடக்க, மீன் வைக்கவில்லை என்று ஒரே சண்டை. கண்ணில் பழுதில்லை. இடப்பக்கம் என்று ஒன்று உண்டு என்பதையே மூளை விட்டுவிட்டது. அங்கே இருட்டாகத் தெரியுமோ என்று கேட்பீர்கள். நம் முதுகுக்குப் பின்னால் நமக்கு இருட்டாகவா தெரிகிறது? அதுபோலத்தான்.

நான் தட்டை அரைவட்டம் திருப்பி வைத்தேன். மீனைப் பார்த்தார், பிறகு மனைவியைப் பார்த்தார்.

"டாக்டரம்மா இருக்கதுனால வச்சா. இல்லெங்கி இதும் கிடையாது."

யாருடைய கை

அவருடைய இடக்கையைத் தூக்கி வலப்பக்கம் கொண்டுவந்து, இது யாருடையது என்று கேட்டேன். "லில்லிக்கதாக்கும்" என்றார், தயக்கமே இல்லாமல். லில்லிபாயோ எதிரில் நின்று இரண்டு கையாலும் துணி மடித்துக்கொண்டிருந்தாள். கையிலிருந்து சேதி வராவிட்டால் மூளை சும்மா இருப்பதில்லை, தானே ஒரு கதை கட்டிக்கொள்கிறது.

அப்படியானால் அவளுக்கு மூன்று கையா என்றேன். அவளை மேலும் கீழும் பார்த்து யோசித்தார்.

"மூணு கை உண்டு. பின்னயும் ஒரு சாயா சமயத்துக்குக் கிட்டாது."

பெண்கள் வராத ஞாயிறு

எங்கள் சபையில் ஆண்கள் வலப்பக்கம், பெண்கள் இடப்பக்கம். மூன்றாம் மாதம் ஆட்டோவில் அழைத்துப்போய் அவரை ஆண்கள் வரிசையில் உட்காரவைத்தோம். ஆராதனை முடிந்ததும் போதகரிடம் கவலையாகச் சொன்னார்:

"பெண்டுவ ஒருத்தியும் வரல்ல. ஆனா நம்ம ஆம்பிளையளுக்கு இன்னைக்கு நல்ல கொரலாக்கும்."

போதகர் சிரித்தார். லில்லிபாய் சிரிக்கவில்லை. இனி எப்போதும் அவருக்கு இடப்பக்கமே நில், அங்கிருந்தே பேசு, சாயாவையும் அங்கேயே வை, கழுத்து திரும்பட்டும் என்று அவளிடம் சொன்னேன். இடக் கட்டைவிரலைக் கொஞ்சமாவது அசைக்கும்படி அவரிடமும் சொன்னேன். விரல் அசைந்தால் அந்தப் பக்கத்துக் கவனமும் சற்று விழிக்கும். லில்லிபாய் என்னிடம் ஒன்று கேட்டாள். அதற்கு என்னிடம் ஒரு பதில் இருந்தது, சொல்லவில்லை. அவள் கேட்டது இது:

"காணாத ஆளுக்கப் பக்கத்துல எம்பிடு நேரம் நிக்க, டாக்டரம்மா?"

பாதி ரோடு

கைத்தடியோடு நடக்கத் தொடங்கியதும் பனச்சமூட்டுக்குப் போனோம். நம் ஊரில் ரோட்டைக் கடக்கிறவருக்கு முதல் பாதியில் வண்டி வலமிருந்து வரும், மறுபாதியில் இடமிருந்து. முதல் பாதியை ராஜா மாதிரிக் கடந்தார். மறுபாதியில் பஸ். நான் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்ததில் ஒரு பொத்தான் தெறித்தது. "அம்மாவா, கண்ணு காணான் வய்யே?" என்று, பெரியவருக்குக் கண் தெரியாதா என்பதை டிரைவர் மலையாளத்தில் கத்தினார். ஞானதாஸ் உண்மையாகவே ஆச்சரியப்பட்டார்.

"இவன் எங்க இருந்து வந்தான்? ஆகாசத்துல இருந்தா?"

மறுபாதி

அதன்பின் லில்லிபாய் அவரைப் படி இறங்க விடவில்லை. அவருக்குப் பேச்சு குறைந்தது. முடி கழுத்துவரை வளர்ந்தது. நான் போகும்போதெல்லாம் சுவரையே பார்த்துக்கொண்டிருப்பார், அதுவும் வலப்பக்கச் சுவரை. ஆனாலும் சாயா அதன் வேலையைச் செய்தது. கழுத்து மெல்லத் திரும்பி, டம்ளரைக் கண்டுபிடிக்கத் தொடங்கியது. டம்ளரை மட்டும், அதை வைத்தவளை அல்ல.

லில்லிபாயிடம் கெஞ்சி, மறுபடி பனச்சமூட்டுக்கு அழைத்துப்போனேன். அவள் அவருக்கு இடப்பக்கம். தொடக் கூடாது, பேசக் கூடாது என்று சொல்லியிருந்தேன். நான் பின்னால், காலருக்குக் கை எட்டும் தூரத்தில். ரோட்டின் நடுவே நின்றார். இடக் கட்டைவிரல் வேட்டி ஓரத்தை இரண்டு முறை சுரண்டியது. துருப்பிடித்த கீல் போலக் கழுத்து இடப்பக்கம் திரும்பியது. மண் ஏற்றிய லாரி ஒன்று வந்தது. அது போகும்வரை நின்றார். அது போன பிறகும் தலையைத் திருப்பவில்லை.

"லில்லி! நீ எப்பம் வந்த?"

ரோடு காலியாக இருந்தது. அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"அஞ்சு மாசமாச்சு. இனி ஒத்தைக்குப் போங்க, கடை அடைச்சிருவான்."

பக்கத்தில் நிற்கிறவளைக் காணாமல் இருக்க மூளையில் ஒரு ரத்தக்குழாயாவது அடைக்க வேண்டும் என்றுதான் எங்கள் பாடப்புத்தகம் சொன்னது. என் வீட்டுக்காரர் அப்படி ஒரு கேடும் இல்லாமலே முப்பது வருடம் சமாளித்துவிட்டார்.