சமநிலைக்கு ஒத்துக்கொள்ளாத இயந்திரம்

அந்த இயந்திரத்தின் சின்னக் கண்ணாடிச் சாளரத்தில் எப்போதும் ஓர் எண் எரிந்துகொண்டிருக்கும். ஆட்டத்தில் தான் எவ்வளவு முன்னால் நிற்கிறது என்பதைச் ஒரு சிப்பாய்க்கு ஒன்று என்ற கணக்கில் அது சொல்லும். பூச்சியம் என்றால் இருவரும் சமம். எண்பதுகளின் நடுவில், ஷ்லீரன் என்ற ஐரோப்பிய ஊரில் அத்தானும் நானும் ஒரே அறையில் இருந்த காலத்தில், பழைய சாமான் கடையொன்றிலிருந்து அந்தச் சதுரங்கக் கணினியை அவர் தூக்கிக்கொண்டு வந்தார். யாழ்ப்பாணத்தில் கல்லூரி அணிக்கு ஆடியவர். எனக்கோ காய்களை அடுக்க மட்டும்தான் தெரியும்.

அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். கலியாணமாகிச் சில மாதங்களிலேயே நாட்டைவிட்டு வந்துவிட்டார். எங்கள் இருவரின் அகதிக் கோரிக்கைகளும் முடிவாகாமல் கிடந்தன. இந்த நாட்டைவிட்டு வெளியே போனால் திரும்பி வர முடியாது. அக்காவை இங்கே கூப்பிடுவதற்காக அவர் தொழிற்சாலையில் ஓய்வு நாளிலும் வேலை செய்தார். பயண ஒழுங்கெல்லாம் சரிவந்த நேரத்தில் ஊரில் அம்மாவுக்குப் பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. அதோடு ஊரில் சண்டையும் மூண்டது. பாதை பூட்டு, தொலைபேசி இல்லை. அக்கா வருவாளா என்று கேட்க ஒரு வழியும் இல்லாமல் போயிற்று.

அந்த நாட்களில்தான் அத்தான் இயந்திரத்தை, ஒரு நகர்வுக்கு ஒரு நாள் முழுக்க யோசிக்கும் நிலைக்கு மாற்றினார். காலையில் ஒரு காயை நகர்த்திவிட்டு வேலைக்குப் போவார். மாலையில் சப்பாத்தைக் கழற்ற முன்னரே பலகையைப் பார்ப்பார். ஆட்டம் தேய்ந்து தேய்ந்து, அவரிடம் ராஜா மட்டும் மிஞ்சியது. இயந்திரத்திடம் ராஜாவும், ஒரே நிறக் கட்டங்களில் குறுக்காக ஓடும் ஒரு பிஷப்பும், ஓரத்து வரிசையில் ஒரு சிப்பாயும் இருந்தன. சாளரத்தில் எண் நாலுக்கு மேல் நின்றது.

"தோத்துப்போச்சோ?" என்று கேட்டேன்.

"இல்லைத் தம்பி. அந்தச் சிப்பாய் ராணியாகிற மூலை வெள்ளைக் கட்டம். அதின்ரை பிஷப் கறுப்பிலைதான் ஓடும். நான் மூலையிலை இருந்தால் என்னை எழுப்பேலாது. இது ட்ரோ."

"அப்ப ஏன் நாலு எண்டு காட்டுது?"

"அது காயைத்தான் எண்ணுது. வெல்ல ஏலாதெண்டு அதுக்கு விளங்கேல்லை."

சமநிலை கேட்க ஒரு பொத்தான் இருந்தது. அழுத்தினார். இயந்திரம் மறுத்துவிட்டது. முன்னால் நிற்பதாக நம்புகிற மட்டும் அது ஒத்துக்கொள்ளாதாம். ஒரே நிலை திரும்பத் திரும்ப வந்தால் ஆட்டம் சமன் என்பதால், அப்படி வராதபடி பிஷப்பை அங்குமிங்கும் அலைத்தது. அத்தான் ராஜாவை மூலைக்கும் பக்கத்துக் கட்டத்துக்குமாக நகர்த்திக்கொண்டே இருந்தார். நிறுத்துங்கோ என்று சொல்லலாம்தான். வேறு என்ன செய்யச் சொல்வது?

பாதை திறந்ததும் அக்கா கொழும்புக்கு வந்து, உறவினர் வீட்டிலிருந்து பேசுவதாகச் சேதி வந்தது. தபாற்கந்தோரின் தொலைபேசிக் கூண்டுக்குள் அத்தானோடு நானும் நெருக்கிக்கொண்டு நின்றேன். இரண்டு வருடத்துக்குப் பிறகு கேட்கிற குரல். ரிசீவருக்கு வெளியேயும் கேட்டது.

"இஞ்சேருங்கோ, நான் வாறதுக்கு எல்லாம் சரி. ஆனா அம்மாவை ஆரிட்டை விடுறது? திரும்பிப் படுக்கவும் நான்தான் பிடிக்கவேணும். நீங்களே சொல்லுங்கோ, வரட்டோ, நிக்கட்டோ?"

அத்தான் ரிசீவரை என் கையில் தந்துவிட்டார். "நீ கதை. உன்ரை அம்மா."

"தம்பி, நீயாவது சொல்லன்," என்றாள் அக்கா. வா என்றால் அம்மாவைத் தனியே விடச் சொன்னதாகும். நில் என்றால் பக்கத்தில் நிற்கிற மனிதரை என்ன செய்வது? "அக்கா," என்றேன். பிறகு மூவருமே ஒன்றும் சொல்லவில்லை. இணைப்புத் தானாக அறுந்தது.

அக்கா ஊருக்குத் திரும்பிப் போனாள். சில வாரங்களில், ஐம்பது நகர்வில் எதுவும் வெட்டுப்படாமல், சிப்பாயும் அசையாமல் இருந்தால் சமன் என்ற விதிப்படி ஆட்டம் தானாக முடிந்தது. முந்தின நாள்வரை நாலைக் காட்டிய சாளரத்தில் அன்று பூச்சியம். அத்தான் அதைப் பார்த்துவிட்டுக் குளிக்கப் போனார்.

ஊருக்கு யார் புறப்பட்டாலும் அவர்களைத் தேடிப் போய் அம்மாவின் மருந்தைக் கொடுத்தனுப்பியது அத்தான்தான். நான் மறந்த மாதங்களிலும் அவர் மறக்கவில்லை. அந்த மருந்தில் அம்மா மேலும் பல வருடங்கள் இருந்தார்; அக்காவும் அவரோடு ஊரிலேயே நின்றாள். அக்காவின் சேதி வரும்போதெல்லாம் அத்தான் முதலில் கேட்பது ஒன்றுதான்.

"மாமிக்கு இப்ப எப்பிடி?"

"நல்லா இருக்கிறாவாம்," என்பேன். சந்தோசமான சேதி. அதைச் சொல்லும்போது அவர் முகத்தை ஒருநாளும் என்னால் பார்க்க முடிந்ததில்லை.