முந்நூறு சிலந்திக்கு ஒரே விலாசம்

போத்தனூரில் எங்கள் வீடு இரண்டு அறை, ஒரு சமையலறை, பின்னால் துணி துவைக்கிற கல். இதற்குள் தொண்ணூறு வகைச் சிலந்திகள் குடியிருப்பதாக உலகத்துக்கு அறிவித்தவர் என் வீட்டுக்காரர் பாலகோபால். அறிவித்துவிட்டுப் போன ஆகஸ்டில் போய்ச் சேர்ந்துவிட்டார். பதில் சொல்ல நான் இருக்கிறேன்.

நூற்பாலையில் முப்பத்தொரு வருடம் ஃபிட்டர். ஓய்வு பெற்ற மாதம் மீட்டர் பெட்டியைத் துடைக்கப் போனவர் அரை மணி நேரம் அங்கேயே நின்றார். உளுந்து அளவுக்கு ஒரு குதிக்கும் சிலந்தி.

"அம்மணி, இது தலையத் திருப்பி என்னயப் பாத்துதுங்கறேன்."

"நானுந்தான் முப்பது வருசமாப் பாக்கறனுங்க. அதெல்லாம் சேத்தி இல்லீங்களா?"

எங்கள் வீட்டில் பேச்சு தெலுங்கு. சண்டை மட்டும் தமிழ். அன்றைக்குப் பிறகு தமிழ்தான் அதிகம்.

ஃபோனில் மாட்டுகிற சின்ன லென்ஸ் ஒன்று வாங்கினார். சிலந்தி, பூச்சி பார்ப்பவர்களின் வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்தார். எடுத்த படங்களை அவர்களுடைய பதிவுத் தளத்தில் ஏற்றினார். ஒட்டடைக் கோலைப் பரண்மேல் ஒளித்து வைத்தார். விருந்தாளிகள் விட்டத்தைப் பார்த்துவிட்டு என்னைப் பார்ப்பார்கள். அவர் பெருமையாக, "அது பொட்டைங்க, முட்டை வெச்சிருக்குது" என்பார்.

எதற்கும் சட்டென்று பெயர் சொல்ல மாட்டார். வகையை அடையாளம் காட்டுகிற அடிவயிறு தெரியாத ஒரு படத்துக்குக் குழுவில் நான்கு பேர் ஒரே பெயரைச் சொன்னார்கள். இவர் 'தெரியவில்லை' என்றே போட்டார். "நாலு பேரு சொன்னாத் தெரிஞ்சதா ஆயிருமா?" இவ்வளவு கறாரான மனிதர் செய்த வேலையைக் கேளுங்கள்.

வெளியே போனால் ஃபோனில் இடம் காட்டுகிற வசதியை அணைத்துவிடுவார். சார்ஜ் இறங்கிவிடுமாம். வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றியதும் அந்த வசதியைப் போட்டுவிட்டு, வைஃபையில் படங்களை ஏற்றுவார். படத்தில் இடம் இல்லாததால் ஃபோன் அப்போது இருக்கிற இடத்தைத் தளம் எடுத்துக்கொண்டது. காரமடைச் சிலந்தி, கோபிச் சிலந்தி, எல்லாம் எங்கள் வீட்டுச் சிலந்தி ஆயின. வரைபடத்தை ஒரு நாள் திறந்து பார்த்திருக்கலாம். மாட்டார். "மனுசன் தப்பாச் சொல்லுவான். மிசின் சொல்லாது." மில்லில் கற்றது.

போன மாதம் குழுவை நடத்துகிற ரிஃபத் கூப்பிட்டார். வங்கியில் வேலை, பொறுமையான ஆள்.

"அக்கா, நம்ம வட்டாரச் சிலந்திப் பட்டியல் தயார் பண்றமுங்க. அண்ணனோட பதிவு முந்நூத்திப் பத்து. மேப்புல அத்தனை ஊசியும் உங்க ஊட்டு மேலயே குத்தி நிக்குது. சரி பண்ணாட்டி எதையுமே சேக்க முடியாதுங்க."

"எதையுமேங்களா?"

"ஒண்ணு பொய்யின்னா மத்ததையும் நம்ப மாட்டாங்கல்லங்க்கா."

ஆறு வருடம் என் உயிரை எடுத்த வேலை, கடைசியில் பொய் என்று போகப்போகிறது. எனக்கு வந்த எரிச்சலுக்கு அளவில்லை. ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னேன்.

சாப்பாட்டு மேசையில் ரிஃபத் மடிக்கணினியைத் திறந்தார். தேதி மட்டும் எல்லாவற்றிலும் சரியாக இருந்தது. முதல் படம், பூவுக்குள் வெள்ளையாக ஒரு நண்டுச் சிலந்தி.

"இது கோபிங்க. எங்க அண்ணன் மகன் கல்யாணத்தன்னைக்கு. கெட்டிச்செவியூர் தாண்டி, வாழைத்தோப்பு வரப்புல வண்டிய நிறுத்துனாரு. நாங்க போனப்போ ரெண்டாம் பந்தி ஓடுது. பொண்ணு மொகத்த நான் ஆல்பத்துலதான் பாத்தேன்."

ரிஃபத் ஊசியை நகர்த்தினார். அடுத்தது.

"காரமடைத் தேர். தேர் எங்களத் தாண்டிப் போகுது, சனமெல்லாம் கோவிந்தா போடுது, இவரு தேருக்கு முதுகக் காட்டீட்டு வேலிக்குள்ள குனிஞ்சு நிக்கறாரு. என்ற செருப்பு அங்கதான் போச்சு."

"இதுங்க்கா?"

"ஜங்சன், நாலாவது பிளாட்பாரம், தண்ணிக் கொழாய்க்குப் பக்கத்துல. போலீஸ்காரர் வந்து என்ன பண்றீங்கன்னு கேட்டாரு. 'ஆணா பொண்ணான்னு பாக்கறனுங்க'ன்னு இவரு சொல்லிப்போட்டாரு. வெளக்கி முடிக்கறதுக்குள்ள ரயில் போயிருச்சு."

ரிஃபத்துக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "நீங்க திட்டுங்க்கா. திட்டத் திட்ட நான் குறிச்சுக்கறேன்."

திட்டினேன். இரண்டு ஞாயிறு திட்டினேன். எந்த மரம், எந்த வேலி, எந்த வளைவில் வெயிலில் என்னை நிறுத்தி வைத்தார் என்று எனக்கு ஒன்றுகூட மறக்கவில்லை. ஐம்பத்தெட்டு மட்டும் உண்மையிலேயே எங்கள் வீடு. சிலிண்டருக்கு மேலே தொங்குகிறவள் உட்பட. அவள் இன்னும் இருக்கிறாள்.

கடைசியில் ஒன்று நின்றது. மரப்பட்டை நிறத்தில், பட்டையோடு பட்டையாக ஒட்டிக் கிடந்தது. கால் எது, பட்டை எது என்று கண்டுபிடிக்கவே நேரமாயிற்று. ஜூன் எட்டாம் தேதி.

"அக்கா, நம்ம குழுவுல வேற யாருமே இதப் பாத்ததில்லீங்க. இது எங்கீங்க?"

எனக்குத் தெரியவில்லை. அன்றைக்கு நான் போகவில்லை. முழங்கால் வலி. "உங்க பூச்சியோடயே குடித்தனம் பண்ணுங்க, நான் வர்லீங்க" என்றேன். மத்தியானம் வந்தார். முகமெல்லாம் வேர்வை, சந்தோஷம். "ஒண்ணு பாத்தேன் அம்மணி. எங்கன்னு சொல்லட்டுமா?" "ஒண்ணும் வேண்டாங்க" என்றேன். சோறு போட்டேன்.

"காரமடைன்னு போட்ருங்க ரிஃபத்து. அந்தப் பக்கந்தான் அடிக்கடி போவாரு."

 ரிஃபத்தின் விரல் விசைப்பலகைமேல் நின்றது. அடிவயிறு தெரியாமல் பெயர் போடாதவரின் பதிவில் நான் ஊரை ஊகித்துப் போடுவதா?

"வேண்டாங்க. ஊசிய எடுத்துருங்க. தெரியலைன்னு போடுங்க."

"எடம் இல்லாட்டி இது பட்டியல்ல வராதுங்க்கா."

"தெரியுமுங்க."

முந்நூற்றொன்பது பட்டியலுக்குப் போயின. அந்த ஒன்று மட்டும் நின்றுவிட்டது. எனக்கு ஆற்றாமை அதில்தான். ஆறு வருடமாக, வேண்டாம் வேண்டாம் என்று நான் காதைப் பொத்திக்கொண்டபோதெல்லாம் நாள் முழுக்க சொல்லிக்கொண்டே இருந்த மனிதர், அன்றைக்கு ஒரு நாள்தான் என் பேச்சைக் கேட்டார்.