கடலடியில் ஒரு வாசற்படி

தலைமன்னாரில் சங்கு குளிக்கும் ஒருவரின் வள்ளத்தில் ஒருநாள் காலை போனேன். வெயிலில் கறுத்து மினுங்கும் முதுகு, உப்பில் சிவந்த கண்கள். ஒவ்வொரு முறை குதிப்பதற்கு முன்னும் வாய்விட்டுச் சிரிப்பார்.

கடல்கொண்ட குமரிக்கண்டத்தைப் பற்றிப் படித்ததையெல்லாம் அவரிடம் கொட்டிவிட்டு, "கீழ கட்டடம் ஏதும் கண்டிருக்கிறீங்களோ?" என்று கேட்டேன்.

"ஓம் தம்பி, ஒருக்கால் கல் வாசற்படி மாதிரி ஒண்டு கண்டனான்."

"எந்த இடத்தில அண்ணை? காட்டுங்கோ!"

"காட்டமாட்டன். அதுக்குள்ள மீனெல்லாம் குஞ்சும் குருமானுமாக் குடியிருக்கு. ஆராய்ச்சிக்காரர் வந்தா அதுகள் ஓடவேணும். சண்டைக்குள்ள ஊரைவிட்டு ஓடின பாடு எங்களோட போகட்டும்."

மறுபேச்சுக்கு இடமில்லாமல் தண்ணீருக்குள் குதித்துவிட்டார்.

அவர் கண்டது வாசற்படியோ வெறும் பாறையோ, இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் யார் கேட்டாலும், குமரிக்கண்டத்தில் இன்னும் குடித்தனம் நடக்கிறது என்று சந்தோஷமாகச் சொல்வேன்.