இரவலுக்கு ஆங்கிலத்தில் இரண்டு சொல்

மலேசியாவில், பாசிர் கூடாங்கில் இருக்கும் எங்கள் வீட்டு முன்னறையில் வருடக்கணக்காகப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆங்கில டியூஷன் எடுத்தவள் நான். சான்றிதழ் ஒன்று இருந்தால் வெளிநாட்டிலிருந்து வந்த பெரியவர்களுக்கும் முறையாகக் கற்பிக்கலாம் என்று ஸ்கூடாயில் நடந்த வார இறுதிப் பயிற்சியில் சேர்ந்தேன். சேர்ந்த கொஞ்ச நாளிலேயே, எனக்கு ஆங்கிலம் தெரியுமா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

பயிற்சியாளர் இங்கிலாந்துக்காரர். நாங்கள் பாடம் நடத்தும்போது கடைசி வரிசையில் உட்கார்ந்து குறிப்பெடுப்பார். என் முதல் பாடம் முடிந்ததும், "நீங்கள் அதிகம் பேசுகிறீர்கள். மாணவர்கள்தான் பேச வேண்டும்" என்றார். அடுத்த பாடத்தில் வாயைக் கட்டிக்கொண்டு நின்றேன். "வகுப்பில் உயிரே இல்லை" என்றார்.

எங்களிடம் இலவசமாகப் படிக்க வந்தவர்கள் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் வங்காளதேசிகளும் நேப்பாளிகளும். கிடைத்த ஒரு நாள் ஓய்வையும் விட்டுவிட்டு, இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து உட்காருவார்கள். இந்த நாட்டில் பல வருடம் இருந்ததால் எல்லோருக்கும் மலாய் வரும். ஆனால் வகுப்பில் ஆங்கிலம் தவிர வேறு மொழி பேசக் கூடாது என்பது பயிற்சியாளரின் சட்டம்.

எனக்கு விழுந்த பாடம் 'போரோ', 'லெண்ட்'. இரவல் வாங்குவதற்கு ஒரு சொல், கொடுப்பதற்கு இன்னொரு சொல். முன்வரிசை நேப்பாளியிடம் பேனாவைக் கேட்டு வாங்கி, பலகைப் பக்கம் போய்த் திரும்பி வந்து அதை நீட்டினேன். "யூ டேக், டீச்சர்" என்று அவர் வாங்க மறுத்தார். எனக்குப் பேனா இல்லை என்று நினைத்துவிட்டார்கள் போலும். பக்கத்தில் இருந்தவர் தன் பேனாவையும் கொடுத்தார். பின்னாலிருந்து ஒரு ரப்பரும் வந்தது. நான் கையை முன்னும் பின்னும் ஆட்ட ஆட்ட, மேசையில் பேனாக்கள் சேர்ந்துகொண்டே போயின.

வியர்த்துக் கொட்டியது. "பிஞ்ஜாம்" என்றேன். மலாயில் இரவல்.

"ஓ, பிஞ்ஜாம்!" வகுப்பே சிரித்தது. அவரவர் பேனாவை எடுத்துக்கொண்டு, ஒருவரிடம் ஒருவர் ஆங்கிலத்தில் கேட்டு வாங்கத் தொடங்கினார்கள்.

பயிற்சியாளர் எனக்குத் தேர்ச்சி கொடுக்கவில்லை.

"அவர்களுக்குப் புரிந்துவிட்டதே?" என்றேன்.

"மொழிபெயர்த்துவிட்டீர்கள். அடுத்த வாரம் இதே பாடத்தை மறுபடி நடத்துங்கள்."

என்னோடு பயிற்சியில் இருந்த, ரெங்கம் ஊரிலிருந்து வரும் பெண் ஒருத்தி என்னைக் கீழே கடைக்கு இழுத்துக்கொண்டு போய்த் தேநீர் வாங்கிக் கொடுத்தாள்.

"அவருகிட்ட மல்லுக்கட்டாதீங்கக்கா. அவரு சொல்ற மாதிரி செஞ்சிட்டு சர்ட்டிபிகேட்ட வாங்கிட்டுப் போயிடுங்க லா."

"அவங்க புரியாம முழிக்கணும், நான் கையைக் காலை ஆட்டிக்கிட்டு நிக்கணுமா? இதுக்கா வாரா வாரம் லாரிங்களுக்கு நடுவுல காரோட்டிக்கிட்டு வர்றேன்?"

"அலமாக், என்கிட்ட ஏன்க்கா கத்துறீங்க?"

மறுவாரம் அதே ஆட்கள் வந்திருந்தார்கள். நான் பேனாவைக் கையில் எடுத்ததுமே முன்வரிசை நேப்பாளி, "கேன் ஐ போரோ யுவர் பென், டீச்சர்?" என்றார். கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் பறந்தது. பயிற்சியாளர் முகம் மலர்ந்துவிட்டது.

"பார்த்தீர்களா? மொழிபெயர்ப்பே இல்லாமல் எவ்வளவு நன்றாகப் புரிந்துகொண்டார்கள்!"

எனக்குப் பொறுக்கவில்லை. "சார், இது அவர்களுக்குப் போன வாரமே தெரியும். அந்த ஒரு மலாய்ச் சொல்லால் தெரியும்."

அவர் சிரித்தார். "தேர்ச்சி பெற்றுவிட்டீர்கள். சந்தோஷப்படுங்கள்."

சந்தோஷம் வரவில்லை. வீடு போய்ச் சேரும்வரை அவரிடம் சொல்லாமல் விட்ட பதில்களைக் காருக்குள் சத்தமாகச் சொல்லிக்கொண்டே போனேன்.

சான்றிதழ் வந்தபின் ஜோகூர் பாருவில் ஒரு மொழி நிலையத்தில் வேலை கேட்டேன். மேலாளர் ஒரு சீனப் பெண்மணி. என் சான்றிதழைப் பொறுமையாகப் படித்தார். பிறகு தயங்கித் தயங்கி, பெரியவர்களின் வகுப்புக்குப் பணம் கட்டுகிறவர்கள் வெள்ளைக்கார ஆசிரியரைத்தான் கேட்கிறார்கள் என்றார். மழலையர் வகுப்பு ஒன்று காலியாக இருக்கிறது, எடுத்துக்கொள்கிறீர்களா?

மறுத்துவிட்டு எழுந்து வந்திருக்கலாம். சரி என்றேன். இப்போது சனிக்கிழமை காலைகளில், மேசை மேல் ஏறி நிற்கும் பிள்ளைகளை இறக்கிவிட்டு நிறங்களின் பெயர்களைச் சொல்லிக் கொடுக்கிறேன். பிள்ளைகள்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. பக்கத்து அறையில் பெரியவர்களின் வகுப்பு நடக்கும் சத்தம் கேட்கும்போதுதான் கோபம் வருகிறது.