ஆயாக்கொட்டகைக்குப் பின்னால் பதினொரு பாத்திகள்

காய்ந்த ரப்பர் பால் ஒட்டிய மங்குக் கிண்ணங்களை வாளித் தண்ணீரில் ஊறப்போட்டால் மூன்றாம் நாள் ஒரு புளித்த வாடை எழும். கையில் பட்டால் எத்தனை முறை சவர்க்காரம் போட்டாலும் போகாது, தலைமுடி வரைக்கும் ஏறிக்கொள்ளும். எனக்குப் பதினொரு வயதானபோது எங்கள் லயத்து வரிசை வீட்டுப் பெண்கள் எல்லாருடைய கையிலும் அந்த வாடைதான் இருந்தது. பால் மரங்கள் அதற்கு முந்திய வருடமே சாய்க்கப்பட்டுவிட்டன. பால் வடிந்து நிறைந்த அந்தக் கிண்ணங்களில் கத்திரி நாற்று வளர்ப்பது என்று அந்தப் பெண்கள் தொடங்கிய கிளப் முடிவு செய்திருந்தது.

குருபோங் ஊரைத் தாண்டி இருந்த எங்கள் தோட்டத்தை வீடு கட்டும் கம்பெனி ஒன்று வாங்கியிருந்தது. மிச்சமிருந்தவை பதினொரு குடும்பங்கள். ஆண்கள் பஸ் ஏறி ஃபேக்டரிக்குப் போனார்கள். பெண்களுக்கு வேலை இல்லை. எங்களுக்கெல்லாம் புக்கிட் காத்திலில் அடுக்குமாடி வீடு கிடைக்கும் என்று ஆபீஸ் கதவில் ஒரு பட்டியல் ஒட்டினார்கள். அதில் மேரி ஆயாவின் பெயர் மட்டும் இல்லை.

தாய்மார்கள் பால் வெட்டப் போகும்போது பிள்ளைகளை விட்டுச் செல்லும் "ஆயாக்கொட்டகை"யில் பதினெட்டு வருடம் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டவர் அவர். நான் அவர் கட்டிய தூளியில்தான் வளர்ந்தேன். வீடு அவருடைய புருஷன் பெயரில் இருந்தது. புருஷன் இறந்துபோனார், பிள்ளை இல்லை, தோட்டத்துக் கணக்கில் அவர் தொழிலாளியும் இல்லை. ஆகவே அவர் எங்கும் இல்லை.

ஆபீஸில் கணக்கு எழுதும் வயதான கிராணிதான், ஆயா அங்கேயே இருக்க அம்மாவிடம் ஒரு வழி சொன்னார். "கிளப்புன்னு ஒரு பேரப் போட்டு லெட்டர் குடுங்கலா. நெலம் சும்மா கெடக்கல, பொம்பளைங்க தோட்டம் போட்டிருக்காங்கன்னு தெரிஞ்சா, பாத்துக்க ஒரு ஆளு அங்கயே இருக்கட்டும்னு விட்டாலும் விடுவாங்க."

அம்மா அதை விடாப்பிடியாகப் பிடித்துக்கொண்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை கொட்டகையின் சிமெண்டுத் தரையில் எல்லாரும் கூடினார்கள். என் கையெழுத்து அழகாக இருக்கும் என்பதால், பழைய நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் அடிமட்டம் வைத்து நான்தான் திட்டம் வரைந்தேன். வீட்டுக்கொரு பாத்தி, பாத்திக்கொரு பெயர். கையிலிருந்து காசு போகக்கூடாது என்பது முதல் விதி. முற்றிய கத்திரியிலும் வெண்டையிலும் விதை எடுப்பது, சமையல் கொத்தமல்லியைத் தேய்த்து விதைப்பது, கம்பம் என்னும் மலாய்க் கிராமத்தில் மாட்டுச்சாணம் கேட்பது, உரச்சாக்கில் மண் நிரப்பி இஞ்சி வைப்பது, பழைய தகரத்தில் வேலி. கொட்டகையின் நிழல் விழும் பக்கம் துளசி, கற்பூரவள்ளி, புதினா. மங்குகளின் அடியில் ஆணி வைத்து ஓட்டை போட்டபோது பாதிக்கு மேல் உடைந்துபோயின. உடைந்த ஓடுகளைப் பாத்தி ஓரத்தில் வரிசையாக நட்டு வைத்தோம்.

பூவுக்குத்தான் சண்டை வந்தது. "பூவத் தின்ன முடியுமா? அந்த எடத்துல பயித்தங்காய் போடலாம்" என்றாள் அம்மா. பக்கத்து வீட்டுப் பார்வதி அத்தை விடவில்லை. "சாமிக்கு வேணாமா? மேரியக்கா மாதாவுக்கு வேணாமா?" மேரி ஆயா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "மாதா ஒண்ணும் கேக்கலலா பார்வதி. நீதான் கேக்குற." கடைசியில் வேலியோரம் முழுக்கச் செவ்வந்தி என்று எழுதினேன். மேரி ஆயா அப்படிச் சிரித்து நான் பார்த்தது அதுதான் கடைசி.

நாற்றுகள் வேர்பிடித்த சமயம் கம்பெனி மேனேஜர் காரில் வந்தார். அம்மா கடிதத்தைக் கொடுத்தாள். அவர் அதைப் பிரிக்காமலே பாத்திகளைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "போலே, போலே" என்று தலையாட்டினார். ஆகட்டும் என்று அவர் சொன்ன அந்த ஒரு வார்த்தைக்காக அன்று லயம் முழுக்கப் பாயசம் வைத்தார்கள். எழுத்தில் வாங்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

இரண்டாம் மாதம் வீட்டுச் சாவிகள் வந்தன. முதலில் கிளம்பியது நாங்கள். முதலில் போகிறவர்களுக்குக் கீழ்மாடி கிடைக்கும் என்று அப்பா கேள்விப்பட்டிருந்தார். லாரியில் கட்டிலை ஏற்றிக்கொண்டிருந்தபோது அம்மா மேரி ஆயாவின் முகத்தைப் பார்க்காமலே, "வாரவாரம் வந்துருவேன்க்கா" என்றாள். அவர் என்னைக் கொட்டகைக்குள் கூப்பிட்டுச் சுவரில் ஒட்டியிருந்த திட்டத்தைக் காட்டினார். "ஒங்க பேர அடிச்சிட்டு என் பேர எழுதிடு வாணி. தண்ணி ஊத்த ஆளில்லன்னு யாரும் சொல்லிடக் கூடாது." எழுதினேன்.

அதன் பிறகு மேரி ஆயாவைப் பார்க்க நாங்கள் போனது மொத்தமே இரண்டு முறை. இரண்டாம் முறை போனபோது பதினொரு பாத்திகளிலும் மேரி என்ற பெயர்தான் இருந்தது. வேறு வேறு பிள்ளைகளின் கையெழுத்தில். லயத்தில் வேறு யாரும் இல்லை. குழாயை மூடிவிட்டார்கள். அவர் அல்லூர் வாய்க்காலிலிருந்து வாளி வாளியாகத் தண்ணீர் சுமந்துகொண்டிருந்தார். செடிகள் நாங்கள் நினைத்ததற்கு மேல் காய்த்திருந்தன. பறிக்கவும் தின்னவும் ஆளில்லாமல் கத்திரிக்காய்கள் மஞ்சளாகப் பழுத்துத் தரையில் கிடந்தன. வெண்டைப் பாத்தியின் நடுவே சிவப்புச் சாயம் பூசிய அளவுக்கட்டை ஒன்று அறையப்பட்டிருந்தது.

"மேனேஜரப் பாத்தீங்களாக்கா?" என்றாள் அம்மா.

"அவர மாத்திட்டாங்களாம். இப்ப இருக்குறவருக்கு எதுவும் தெரியலலா." பையில் கத்திரிக்காயை நிரப்பிக்கொண்டே அவர் மெதுவாகக் கேட்டார். "ஒங்க வீட்டுல ஒரு ஓரமா இருந்துக்கட்டுமா, சரசு? கொஞ்ச நாளைக்கு. ஹால்லயே படுத்துக்குவேன்."

இரண்டு அறை வீட்டில் நாங்கள் ஆறு பேர். "அவருகிட்ட கேட்டுச் சொல்றேன்க்கா" என்றாள் அம்மா. மேரி ஆயா தலையசைத்துவிட்டுப் பையை என் கையில் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து அம்மா கத்திரிக்காய்க் குழம்பு வைத்தாள், எல்லாரும் சாப்பிட்டோம். அப்பா ருசியாக இருக்கிறது என்று இன்னொரு கரண்டி கேட்டார். அம்மா ஊற்றினாள். மேரி ஆயாவைப் பற்றி அவரிடம் எதுவும் கேட்கவில்லை. மறுநாளும் கேட்கவில்லை.

புல்டோசர் வந்துவிட்டது என்று ஃபேக்டரி பஸ்ஸில் யாரோ சொன்னதாக அப்பா வந்து சொன்ன பிறகுதான் நாங்கள் ஓடினோம். சாலையிலிருந்து பார்த்தால் செம்மண் மட்டும். காவலுக்கு நின்ற ஆள், ஒரு கிழவி பெட்டியோடு நடந்து போனதாகக் கையைச் சாலைப் பக்கம் நீட்டினான். ஜொகூரில் தன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டார் என்றார்கள் சிலர். தெங்கேராவில் யாரோ வீட்டில் வேலைக்கு இருக்கிறார் என்றார்கள் சிலர். தெங்கேரா எங்கள் வீட்டிலிருந்து ஒரே பஸ். நாங்கள் போய்த் தேடவில்லை.

இப்போது நான் குருபோங்கில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறேன். தினமும் அந்த வழியாகத்தான் கார் ஓட்டுகிறேன். இரட்டை மாடி வீடுகள் வரிசையாக நிற்கின்றன; லயம் எது, கொட்டகை எது, எந்த வாசலுக்கடியில் எங்கள் பாத்தி என்று எவ்வளவு யோசித்தாலும் பிடிபடவில்லை. கல்யாண வீடுகளில் பழைய தோட்டத்து ஆட்கள் கூடினால் "நம்ம கிளப்பு" என்று பெருமையாகப் பேசுகிறார்கள். மேரி ஆயாவின் பெயரை யாரும் எடுப்பதில்லை, நானும் எடுப்பதில்லை.

அப்பா போய் மூன்று வருடமாகிறது. போன மாதம் ஒரு மத்தியானம், அம்மாவுக்கு மாத்திரை பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஜன்னலைப் பார்த்தபடி அவள் திடீரென்று சொன்னாள்: "கேட்டிருந்தா ஒங்கப்பா வேணாம்னு சொல்லியிருக்க மாட்டாரு."

யாரைப் பற்றி என்று நான் கேட்கவில்லை. தண்ணீரை எடுத்துக் கொடுத்தேன்.