லேபுக்குப் போன கீரை

லேப் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு கிளாரா மேடம் சொன்னார்: "சேகரண்ணே, ரெண்டு கீரையும் ஒண்ணுதானாம். உங்க பாத்தி போச்சு லா."

தோ பாயோ வட்டாரத்தில் ஒரு கார் பார்க்கின் மேல்தளத்தில் கீரைப் பண்ணை. கிளாரா மேடம் மேனேஜர், செடிகளைப் பற்றிப் படித்தவர். நான் செக்கண்டரி டூவோடு, அதாவது எட்டாம் வகுப்போடு, நின்றவன். அதற்கு முன் கப்பலுக்குப் பெயின்ட் அடித்தேன், கேமரன் மலையில் கோஸ் அறுத்தேன், தேக்கா மார்க்கெட்டில் ஒரு கடையில் கீரைக் கட்டு கட்டினேன். எங்கேயும் மூன்று வருடம் தங்கியதில்லை. இந்தப் பண்ணையில் அது நான்காவது வருடம்.

பண்ணையில் சிவப்புத் தண்டுக்கீரையை இரண்டு விதமாக வளர்த்தோம். வெளியே மண் பாத்தி. வெயில், மழை, பூச்சி எல்லாம் உண்டு. அது என் பொறுப்பு. பக்கத்தில் ஏசி அறை. அடுக்கடுக்காகத் தட்டுகள், எல்இடி விளக்கு, உரம் கரைத்த தண்ணீர். விதை ஒன்றுதான். ஆனால் வெளிக்கீரையைச் சோற்றில் பிசைந்தால் சோறு சிவக்கும். அறைக்கீரையைப் பிசைந்தால் சோறு சோறாகவே இருக்கும்.

ஏன் என்று முன்பே மேடத்திடம் கேட்டிருந்தேன்.

"அந்தச் சிவப்பு செடிக்கு சன்ஸ்கிரீன் மாதிரிண்ணே. வெயில் காய்ச்சக் காய்ச்ச தன்னைக் காப்பாத்திக்க அதை உண்டாக்குது. ஆன்டிஆக்ஸிடன்ட்னு சொல்றாங்களே, அதுல ஒண்ணு. ரூம்ல இருக்கற செடிக்கு என்ன கஷ்டம்? ஏசில உக்காந்திருக்கு."

"மேனேஜர் மாதிரி."

"வாய் இருக்கே உங்களுக்கு!"

முதலாளி பாத்திகளை எடுத்துவிட்டு அறையைப் பெரிதாக்க நினைத்தார். வெளிக்கீரையில் சத்து கூடுதல் என்று லேப் சொன்னால் பாத்தி இருக்கும், இல்லாவிட்டால் எனக்கு வேலை இல்லை. அப்போது எனக்கு ஐம்பத்தேழு வயது. இரண்டிலிருந்தும் ஒவ்வொரு பை பறித்துவரச் சொன்னார் மேடம். பறித்துக் கொடுத்தேன். ரிப்போர்ட்டில் வித்தியாசமே இல்லை.

கண்ணுக்குத் தெரிவது மிஷினுக்கு எப்படித் தெரியாமல் போகும்? இரண்டு நாள் இதே யோசனை. மூன்றாம் நாள் சிராங்கூன் ரோட்டுக் கடைக்குக் கட்டு கட்டிக்கொண்டிருந்தேன். என் கை தானாக நல்ல இலையைத் தேடி வெளிப்பக்கம் வைத்தது. தேக்காவில் பழகிய பழக்கம். "மூஞ்சி நல்லா இருந்தாத்தான்யா கட்டு போகும்" என்பார் கடைக்கார அக்கா.

லேபுக்கும் அப்படித்தான் பறித்திருந்தேன். அறையில் விளக்குக்கு நேர் கீழே, இருப்பதிலேயே சிவந்த இலைகள். வெளியே பெரும்பாலும் சிவப்புதான் என்பதால் அங்கே ஓட்டையில்லாத, மிருதுவான இலையாகப் பார்த்தேன். அவை பாத்தியின் ஒரு மூலையில் கட்டிய நிழல் வலைக்குக் கீழே, வெயில் அதிகம் படாமல் வளர்ந்தவை. வெளியே வெளுத்ததையும் அறையில் சிவந்ததையும் அனுப்பிவிட்டு வித்தியாசம் இல்லை என்றால் எப்படி?

சொல்லவும் தயக்கம். வேலை போகப்போகிறவன் சொல்வதை யார் நம்புவார்கள்? ஆனாலும் சொன்னேன்.

"ஐயோ அண்ணே! லேபுக்கு அனுப்பச் சொன்னா கல்யாணத்துக்கு அனுப்பற மாதிரி அலங்காரம் பண்ணியிருக்கீங்க. இன்னொரு தடவை டெஸ்ட் பண்ண முதலாளிகிட்ட நான்தான் திட்டு வாங்கணும்."

"இந்தத் தடவை நான் கீரையைத் தொடவே மாட்டேன் மேடம்."

செடிகளுக்கு நம்பர் போட்டோம். சீட்டுக் குலுக்கி, வந்த நம்பரை மேடமே பறித்தார். புழு தின்ற இலையும் பைக்குள் போனது. நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். மிகக் கஷ்டமாக இருந்தது. இம்முறை வெளிக்கீரையில் அந்தச் சிவப்புச் சத்து தெளிவாகவே கூடுதல்.

அதோடு விட்டிருக்கலாம். எனக்குத்தான் வாய் சும்மா இருக்கவில்லை.

"மேடம், இது மண்ணால வந்ததா, பூச்சி கடிச்சதால வந்ததா, வெயிலாலயா? ரூம்ல வெளிச்சத்தை மட்டும் கூட்டிப் பாப்போமா?"

அவர் என்னை உற்றுப் பார்த்தார். "அதுல சிவந்துச்சுன்னா முதலாளிக்கு பாத்தியே தேவையில்ல. தெரிஞ்சுதான் கேக்கறீங்களா?"

"தெரியும். ஆனா இது தெரியாம எப்படி இருக்கறது?"

அறுவடைக்கு முந்தைய சில நாட்கள் மட்டும் சில தட்டுகளுக்கு விளக்கைக் கூட்டினோம். இலை சிவந்தது. சீட்டுக் குலுக்கி லேபுக்கும் அனுப்பினோம். வெளிக்கீரையைவிடக் கொஞ்சம்தான் குறைவு. அந்தக் கொஞ்சம் மண்ணாலா பூச்சியாலா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. முதலாளிக்கு அது தேவைப்படவில்லை. பாத்திகளை நானே பிரித்து, மண்ணை மூட்டை கட்டி லிஃப்டில் இறக்கினேன். அடுத்த மாதம் தஞ்சோங் பகாரில் ஓர் ஆபீஸ் கட்டடத்தில் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றப் போனேன்.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். விற்கப் பறித்தால் நல்ல இலையாகப் பாருங்கள். தெரிந்துகொள்ளப் பறித்தால் ஓட்டை இலையையும் சேர்த்துப் பறியுங்கள். பதில் உங்களுக்குச் சாதகமாக வராமல் போகலாம். எனக்கு வரவில்லை. ஆனால் கீரை ஏன் சிவக்கிறது என்று யாராவது கேட்டால், பாதி பதிலாவது என்னிடம் இருக்கிறது.